சரோஜா அக்காவின் கூமுட்டைக் கார்

ரம்யா கண்ணு, நீ வாங்கியிருக்கும் பழைய காரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது என்று போனில் சொன்னாய். பக்கத்திலிருந்து பிரபு, "அது மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிரு, சரியாப் போயிரும்" என்றான். இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். பிரபு, நீ சொன்ன வைத்தியத்தை ஏற்கெனவே ஒருத்தர் செய்து பார்த்திருக்கிறார். அதனால் ஒரு பள்ளிக்கூடமே முட்டை தின்பதை நிறுத்தியது. ஓர் அதிகாரி நடுரோட்டில் குத்தவைத்து உட்கார்ந்து முட்டைகளை மோந்து பார்த்தார். ஓர் அம்மாவின் வேலை போகப் பார்த்தது. இதையெல்லாம் போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்பீர்கள். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் தொழில் கற்றது நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில். கற்றேன் என்றால், முதலில் டீ வாங்கினேன், அப்புறம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், அப்புறம் திட்டு வாங்கினேன், ஒரு நாள் பார்த்தால் நானே எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு மலையேறி வந்து செம்மேட்டில் அங்கமுத்து அண்ணன் பட்டறையில் சேர்ந்தேன். முழங்கால் மறுக்கும் வரை அங்கேதான் இருந்தேன். இப்போதெல்லாம் காருக்கு அடியில் போய்விடுவேன், வெளியே இழுக்கத்தான் ஆள் வேண்டும். அதுதான் வேலையை விட்டேன்.

அங்கமுத்து அண்ணனுக்கு மூக்கு வேலை செய்யாது. பார்க்க நல்ல பெரிய மூக்குத்தான். ஆனால் ஏதோ ஒரு காய்ச்சலில் மணம் தெரியாமல் போய்விட்டது. மெக்கானிக்குக்கு அது பெரிய கஷ்டம். பெட்ரோல் ஒழுகுவது, கிளட்ச் கருகுவது, ஒயர் உருகுவது எல்லாம் முதலில் மூக்குக்குத்தான் தெரியும். அதனால் என்னை வைத்துக்கொண்டார். "டேய் செல்வராசு, வந்து மோந்து சொல்லு" என்பார். நான் மோந்து, "வெல்லப்பாகு மாதிரி இனிப்பா வருதுங்கண்ணா" என்றால், ரேடியேட்டர் தண்ணீர் ஒழுகுகிறது என்று அவர் முடிவு செய்வார். நான் இல்லாத நேரத்தில் யாராவது வந்து, "ஏனுங்க அண்ணா, உங்க மூக்கு எங்கீங்க?" என்று கேட்டால், "டீ குடிக்கப் போயிருக்குது, இப்ப வந்துரும்" என்பார். ஊருக்குள் எனக்கு மூக்கு என்றே பேராகிவிட்டது. உங்கள் அம்மாவைப் பெண் கேட்டுப் போனபோதுகூட, "யாரு, அங்கமுத்து மூக்கா?" என்றுதான் உங்கள் அப்புச்சி கேட்டார்.

அண்ணன் ஒரு வண்டியைப் பார்க்கும் விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எடுத்தவுடன் பானெட்டைத் திறக்கவே மாட்டார். வண்டிக்காரரை ஸ்டூலில் உட்கார வைத்து, எப்போதிருந்து, எந்த ரோட்டில், எப்படி ஓட்டுகிறீர்கள் என்று மெதுவாகக் கேட்பார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு இடப்பக்க சீட்டில் ஏறி உட்காருவார். வண்டிக்காரரையே மேட்டில் ஓட்டச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். வெறுங்காலைத் தரையில் பரப்பி வைத்திருப்பார். சூடு, அதிர்வு எல்லாம் அந்தப் பாதத்தில்தான் அவருக்குத் தெரியும். திரும்பி வந்ததும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கிழித்துப்போட்ட காலண்டர் தாளை எடுத்து சைலன்சர் வாய்க்குப் பின்னால் பிடிப்பார். தாள் படபடவென்று அடிக்க வேண்டும். பிறகு எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, அடியில் போய் ஒவ்வொரு பாகத்தையும் சுத்தியலின் மரப்பிடியால் தட்டிக் காது கொடுப்பார். கடைசியில்தான் பானெட். வெளியூர்க்காரர்கள் அவர் ஏதோ வேண்டுதல் செய்கிறார் என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

சரோஜா அக்கா சத்துணவு அமைப்பாளர். திருப்புலி நாட்டு ஊர்களில் ஒன்றில், ரோடு முடிகிற இடத்தில் இருக்கிற பள்ளிக்கூடம். நேரமாகும் என்று முட்டை வேன் அந்த ஒத்தை ரோட்டுக்குள் வராது. செம்மேட்டிலேயே அட்டை அட்டையாக இறக்கிவிட்டுப் போய்விடும். அக்கா தன் பழைய சின்னக் காரில் ஏற்றிக்கொண்டு போவார். அவருக்குப் புருஷன் இல்லை. இரண்டு பெண்களைப் படிக்கவைப்பது அந்த வேலையை நம்பித்தான்.

அந்தக் கார் திடீரென்று நாற ஆரம்பித்தது. சாதாரண நாற்றம் இல்லை. கூமுட்டை நாற்றம். முட்டை ஏற்றும் காரில் கூமுட்டை நாற்றம் வந்தால் யார் என்ன நினைப்பார்கள்? கார் மேட்டில் திரும்பும்போதே பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "கூமுட்டைக் காரு வருது" என்று ஓடினார்கள். மதியம் தட்டில் வைத்த முட்டையை ஒருத்தரும் தொடவில்லை. எல்லாம் பள்ளிக்கூடத்து நாய்க்குப் போயிற்று. நாய் கொழுத்துப்போய் மணி அடிப்பதற்கு முன்னாலேயே வரிசையில் வந்து உட்கார ஆரம்பித்தது. "நாய்க்கு ஒண்ணும் ஆகலியே, நல்ல முட்டைதானுங்க" என்று அக்கா சொன்னதற்கு, அங்கே படிக்கிற ஒரு பிள்ளையின் அப்பா வெள்ளையன், "நாய்க்கு என்னம்மா தெரியும், அது எதைத்தான் திங்காது" என்று சொல்லிவிட்டார். பெற்றவர்கள் சேர்ந்து புகார் கொடுத்தார்கள். கீழே இருந்து அதிகாரி விசாரணைக்கு வருகிற வரைக்கும் அக்கா முட்டையைத் தொடக்கூடாது என்று சொல்லியாயிற்று. கெட்ட முட்டை போட்டது உண்மை என்று ஆகிவிட்டால் வேலை போய்விடும்.

அக்கா காரை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது அண்ணன் சாமான் வாங்க நாமக்கல் போயிருந்தார். பட்டறையில் மூக்கு மட்டும்தான் இருந்தது.

"செல்வராசண்ணா, ஒரு முட்டை ஒடஞ்சு இதுக்குள்ள எங்கியோ எறங்கிப் போயிருக்குதுங்க. அதை மட்டும் எடுத்துக் குடுத்துருங்க. அதிகாரி வாரதுக்குள்ள."

நான் கதவைத் திறந்து மோந்தேன். "முட்டையேதானுங்க" என்றேன். பாட்டரி அளவுக்கு மீறிக் கொதித்தாலும் இதே நாற்றம் வரும் என்பது எனக்குத் தெரியும். அதைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. அப்புறம் என்ன, முட்டைதான். சீட்டுகளைக் கழற்றினேன். மிதியடியை எடுத்தேன். கதவு அட்டைகளைப் பிரித்தேன். ஸ்டெப்னியைத் தூக்கினேன். காற்று வரும் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு சீப்பு, ஒற்றைக் கொலுசு, காய்ந்துபோன மிளகுக் கொத்து, யாருடையதோ ஒரு பல்செட்டு எல்லாம் கிடைத்தன. பல்செட்டைப் பார்த்து அக்கா, "போன வருசம் ஒரு பெரியவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், அவுரு எறங்கறப்ப ஒண்ணுமே பேசல" என்றார்.

கடைசியில் டிரைவர் சீட்டுக்கு அடியில், கம்பிக்கு நடுவில், ஒரு முட்டை இருந்தது. பட்டறையில் நின்ற அத்தனை பேரும் மூச்சு விட்டார்கள். அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். அதை மெதுவாக எடுத்து, மூக்கைத் திருப்பிக்கொண்டு, ஒரு டம்ளரில் உடைத்தேன். மஞ்சள் கரு சூரியன் மாதிரி உருண்டையாக நின்றது. நேற்று இட்ட முட்டை மாதிரி இருந்தது.  டீக்கடைக்காரர்தான் அதை வாங்கிப் போய் ஆம்லெட் போட்டார்.

அதற்கப்புறம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். கதவைச் சாத்தி சாம்பிராணி போட்டோம். எலுமிச்சம்பழத்தை அறுத்து நான்கு மூலையிலும் வைத்தோம். ஒருத்தர் பழுத்த பலாப்பழத்தை இரண்டாகப் பிளந்து பின்சீட்டில் உட்கார வைத்தார், அது எல்லா நாற்றத்தையும் அமுக்கிவிடும் என்று. ஒவ்வொரு வைத்தியத்துக்கும் நாற்றம் குறைந்தது. அக்கா சந்தோஷமாகக் காரை வீட்டுக்கு ஓட்டிப் போவார். மறுநாள் திரும்பக் கொண்டுவரும்போது அதே நாற்றம், கூடவே பலாப்பழம். நிறுத்தி வைத்தால் குறைகிறது, ஓட்டினால் வருகிறது. இதைப் பார்த்துவிட்டு நாங்கள் பேசிக்கொண்டது என்ன தெரியுமா? பலாப்பழம் கொஞ்சம் சின்னதாகப் போய்விட்டது என்று.

அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கினார். "என்னடா இது, காரா, சந்தையா?" என்றார்.

"அண்ணா, மேல சாம்பிராணி, அதுக்குக் கீழ எலுமிச்சம்பழம், அதுக்குக் கீழ பலாப்பழம், எல்லாத்துக்கும் அடியில கூமுட்டைங்க" என்று நான் முறைப்படி சொன்னேன்.

"நாத்தத்தை விடு. உனக்குச் சளி புடிச்சு மூக்கு அடைச்சிருக்குதுன்னு வெச்சுக்க. இந்த வண்டியைப் பத்தி என்ன சொல்லுவே?"

 அந்தக் காரில் நான் கை வைக்காத இடம் இல்லை. ஆனால் ஒரு தடவைகூட அதை ஓட்டிப் பார்க்கவில்லை.

அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்காவை உட்கார வைத்தார். "முட்டையைப் பத்திப் பேச வேண்டாஞ் சாமி. வண்டி எப்படி ஓடுது, அதைச் சொல்லு."

"மேட்டுல இழுக்கவே மாட்டேங்குதுங்கண்ணா. அமுத்துனா சத்தந்தான் வருது, வண்டி வரமாட்டேங்குது. யாரோ பின்னால புடிச்சு இழுக்கற மாதிரி இருக்குதுங்க."

"பெட்ரோல்?"

"முந்தியெல்லாம் ஒருக்கா போட்டா வாரம் பூரா ஓடும். இப்ப பாதி வாரத்துக்கே முள்ளு கீழ வந்துருதுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அக்கா ஓட்டினார், நான் பலாப்பழத்தோடு பின்னால் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அண்ணன் கண்ணைத் திறந்து, "அதென்ன அங்க பொட்டு?" என்றார். ஸ்பீடு காட்டும் வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

"மஞ்ச வெளக்கு ஒண்ணு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சுங்க. கண்ணு கூசுது. அதான் பொட்டு வெச்சு மறைச்சேன்."

"எப்ப வெச்சது?"

"பொங்கலுக்கு முன்னாலங்க."

அண்ணன் பொட்டை நகத்தால் எடுத்தார். உள்ளே விளக்கு எரிந்தபடியே இருந்தது. பொட்டைத் தூக்கி எறியாமல் ஸ்டீயரிங் நடுவில் ஒட்டினார். "நெத்தியில வைக்கறத கண்ணுல வெச்சுட்டே" என்றார். பிரபு, இதைத்தான் நான் சொன்னேன்.

மேட்டில் ஏற ஏற அவர் இடது காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். "தோசைக்கல்லு மேல கால் வெச்ச மாதிரி இருக்குது" என்றார். பட்டறைக்கு வந்து சைலன்சர் வாயில் காலண்டர் தாளைப் பிடித்தார். எஞ்சின் இரைகிறது, தாள் சும்மா தொங்கியது. அடிக்க வேண்டிய தாள் அசையவே இல்லை. ஆறவிட்டு அடியில் போய்த் தட்டினார். நடுவில் ஒரு தகரப் பெட்டியைத் தட்டியபோது, காய்ந்த புளியங்காயைக் குலுக்கினால் உள்ளே கொட்டை உருளுமே, அந்தச் சத்தம் கேட்டது.

"கன்வர்ட்டரு" என்றார் அடியிலிருந்தே. "உள்ள ஒடஞ்சு, உருகி, அடைச்சுக் கெடக்குது."

அது என்னவென்று உங்களுக்குச் சொல்கிறேன். எஞ்சினிலிருந்து வரும் புகை நேராக வெளியே போகாது. வழியில் ஒரு பெட்டிக்குள் நுழையும். உள்ளே தேனடை மாதிரி நுணுக்கி நுணுக்கி ஓட்டைகள். சூடேறிய அந்த அடைக்குள் போகும்போது புகையில் இருக்கும் விஷம் எரிந்து அடங்கிவிடும். பெட்ரோலில் துளிக் கந்தகம் உண்டு. பெட்டி நன்றாக இருக்கும்வரை அது நம் மூக்குக்கு எட்டாது. பெட்டி கெட்டால் அந்தக் கந்தகம் கூமுட்டையாக நாறும். அடை உருகி ஓட்டை அடைத்துவிட்டால் புகைக்கு வழியில்லை. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு மலையேறினால் நீ எப்படி ஏறுவாய்? வண்டியும் அப்படித்தான். இழுவை குறையும், பெட்ரோல் குடிக்கும், தரை சுடும். ரம்யா, உன் கார் விளக்கு எரிகிறது என்பதற்காக உடனே இதுதான் என்று நினைக்காதே. அந்த விளக்குக்கு நூறு காரணம் உண்டு. மேட்டில் இழுக்கிறதா, அடியில் கிலுகிலுக்கிறதா, நாறுகிறதா என்று பார். விளக்கு விட்டு விட்டு மின்னினால் அப்படியே ஓரங்கட்டி நிறுத்திவிடு. காய்ந்த புல் மேல் மட்டும் நிறுத்தாதே, பெட்டிச் சூட்டில் புல் பற்றிக்கொள்ளும்.

அண்ணன் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "இது தானாக் கெடாது. தெனம் எப்படிப் போறே, அதைச் சொல்லு" என்றார்.

அக்கா சொன்னார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு சாமி சோலை இருக்கிறது. அந்த இறக்கத்தில் எல்லா வண்டியும் எஞ்சினை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உருண்டு போகும். சோலை தாண்டியதும், ஓடுகிற ஓட்டத்திலேயே சாவியைப் போட்டு, ரெண்டாவது கியரில் கிளட்சை விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். சாமிக்கு எஞ்சின் சத்தம் ஆகாது என்பது அந்த ஊர் வழக்கம்.

"திரும்பி வாரப்ப மேடாச்சே?"

"ஏத்தத்துல சாமி கண்டுக்காதுங்க."

அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டார். அப்படிக் கிளட்சை விட்டு எழுப்பும்போது எரியாத பெட்ரோல் அந்தச் சுடுகிற பெட்டிக்குள் போகும். அங்கே போய் எரியும். தினமும் அப்படி எரிந்தால் அடை உருகாமல் என்ன செய்யும்? அந்தக் காலத்து ஜீப்புக்கு அந்தப் பெட்டியே கிடையாது, அதனால் ஒன்றும் ஆகவில்லை. தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதும் இதே கதைதான், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு எஞ்சினை அணைத்தால் பிரேக் கல்லாகிவிடும். நம் மலை ரோட்டில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"இனிமே எஞ்சினை அணைக்காதே" என்றார் அண்ணன்.

"ஊரு என்னங்க சொல்லும்? ஏற்கெனவே கூமுட்டை போட்டவன்னு பேரு. இதுல சாமி குத்தமும் சேரணுமா?"

அதனால் நாங்கள் மூன்று பேரும் போய் ஊர்க்கவுண்டரைப் பார்த்தோம். வழக்கம் எது, வழக்கமில்லாதது எது என்று அவர் சொன்னால்தான் அந்த ஊர் கேட்கும். மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மிளகைக் கிளறினார்.

"எஞ்சினு சத்தம் ஆகாதுன்னு சாமி எப்பச் சொல்லுச்சு?" என்றார். "எங்கப்பன் காலத்துல ஊருக்கு ஒரே ஜீப்பு. அதை ஓட்டுனவன் டீசல மிச்சம் புடிக்க எறக்கத்துல அணைச்சான். அவனுக்குப் பின்னால வந்தவன் எல்லாம் சாமிக்குத்தான் அணைக்கறான்னு நெனச்சுட்டாங்க."

"அப்ப நீங்களும் புல்லட்டை அணைச்சுட்டுத்தானுங்களே போறீங்க?" என்று அக்கா கேட்டார்.

"எல்லாரும் அணைக்கறப்ப நான் மட்டும் உறுமிக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்? நீ மெதுவா ஓட்டிட்டுப் போ கண்ணு. ஆரன் மட்டும் அடிக்காதே, அது நெசமாலுமே ஆகாது."

சாமி விஷயம் முடிந்தது. வேலை விஷயம் முடியவில்லை. புதுக் கன்வர்ட்டர் சேலத்திலிருந்து வர வேண்டும். அதிகாரி அதற்கு முன்னாலேயே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், நிதானமானவர், முட்டை மீன் எதுவும் தொடாதவர். செம்மேட்டில் வண்டியை நிறுத்தி அக்காவின் காரை மோந்து பார்த்தார்.

"முட்டை வாசனை வருதும்மா. முட்டை ஏத்துற வண்டி. வேற என்ன காரணம் இருக்க முடியும்?" என்றார். அதில் தப்பு சொல்ல முடியாது. நானும் அதைத்தானே சொன்னேன்.

அண்ணன் கன்வர்ட்டரைப் பற்றி விளக்கினார். அதிகாரி தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, "இருக்கலாம். ஆனா ஊர்ல அதை யாரு நம்புவா?" என்றார். அப்போது அண்ணன், "சரிங்க சார், இன்னைக்கு முட்டையை நீங்களே உங்க ஜீப்புல எடுத்துட்டு வாங்க. அவிங்க காரு வெறும் வண்டியா முன்னால வரட்டும். பள்ளிக்கூடத்துல போய்ப் பார்த்துக்கலாம்" என்றார். அது நியாயமாகப் பட்டதால் அதிகாரி அப்போதுதான் வேனிலிருந்து இறங்கிய அட்டைகளைத் தன் ஜீப்பில் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

நாங்கள் அக்காவின் காரில் முன்னால் போனோம். ஜீப் பின்னால். ஒத்தை ரோடு, முந்த இடமில்லை. எங்கள் காரோ மேட்டில் நடக்கிற வேகத்தில்தான் ஏறியது. நாலைந்து வளைவு தாண்டியதும் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன், ஜீப்பைக் காணோம். ஓட்டிக்கொண்டிருந்த அக்கா கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "திரும்பிப் போயிட்டாருங்களா?" என்றார். காரை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு நான் இறங்கி நடந்து போய்ப் பார்த்தேன்.

ஜீப் ஓரமாக நின்றது. அதிகாரி ரோட்டில் குத்தவைத்து உட்கார்ந்து, அட்டையிலிருந்து முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மோந்துகொண்டிருந்தார். டிரைவர் ஓடையில் பக்கெட்டை முக்கித் தண்ணீர் கொண்டுவந்தார்.

"சார், நம்ம ஜீப்புலதான் சார் நாறுது. ஜன்னலை மூடுனா இன்னும் சாஸ்தியா இருக்குது" என்றார் டிரைவர்.

"பேசாம இருய்யா" என்றார் அதிகாரி. பக்கெட்டில் முட்டைகளைப் போட்டார். கெட்ட முட்டை மிதக்கும். ஒன்றுகூட மிதக்கவில்லை. கையை விட்டுத் துழாவித் துழாவிப் பார்த்தார். பின்னால் வந்த பஸ் போக முடியாமல் நின்றது. பஸ்ஸிலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க சார், முட்டையக் குளிப்பாட்டறீங்களா?" என்றார். "வெலை என்னங்க?" என்றது பின்சீட்டிலிருந்து ஒரு குரல்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் சைலன்சர் நாற்றத்தை முழுக்கக் குடித்துக்கொண்டே வந்திருக்கிறார். பக்கத்தில் முட்டை இருந்ததால் முட்டைதான் என்று நினைத்துவிட்டார். காருக்குத் திரும்பி நடந்தேன். சொன்னால் அந்த நேரத்தில் கேட்கிற முகம் இல்லை அது.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் நின்றது. எங்கள் கார் நுழைந்ததும் பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள். பின்னாலேயே ஜீப் வந்து ஒட்டி நின்றது. அதிகாரியே அட்டைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். வெள்ளையன் முன்னால் வந்து, "பாத்தீங்களாங்க சார். நாங்க பொய்யா சொன்னோம்? நீங்க எறங்குனதுமே நாறுதுங்களே. உங்க கையில இருக்கற முட்டையே கெட்டுப்போச்சுங்க" என்றார்.

"இது கெட்ட முட்டை இல்ல" என்றார் அதிகாரி.

"நாறுதுங்களே சார்."

"ஒவ்வொண்ணா தண்ணியில போட்டுப் பார்த்திருக்கேன். ஒண்ணுகூட மிதக்கல. செம்மேட்டுலருந்து என் பக்கத்துல, என் கண்ணு முன்னால இருக்கு. இந்த அம்மா இதைத் தொடவே இல்ல."

சொல்லி முடித்தபிறகுதான் அவர் சொன்னது அவருக்கே காதில் விழுந்தது போலிருந்தது. அட்டையைக் குனிந்து பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி அக்காவின் காரைப் பார்த்தார். அதன் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அட்டைகளை டிரைவர் கையில் கொடுத்துவிட்டு, காருக்குப் பின்னால் போய், மூக்கை மூடியிருந்த கைக்குட்டையை எடுத்துவிட்டுக் குனிந்து ஒரு மூச்சு இழுத்தார். இருமிக்கொண்டே நிமிர்ந்து, "வாங்க, எல்லாரும் வந்து பாருங்க" என்றார். வெள்ளையன் வந்து குனிந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையில் வந்தார்கள். கோயிலில் தீபாராதனை எடுத்துக்கொள்வது போல ஒவ்வொருத்தராகக் குனிந்து, இருமி, நகர்ந்தார்கள். "ஆமா, இதேதானுங்க" என்றார் ஓர் அம்மா. வேகமாக நிமிர்ந்துவிட்ட ஒருத்தர் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று திரும்ப வரிசையில் நின்றார். அண்ணன் மட்டும் என் காதில், "என்னடா, நல்லா நாறுதா?" என்று கேட்டார். அவருக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும். "அருமையா நாறுதுங்கண்ணா" என்றேன்.

அதிகாரி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "முட்டையில குறையில்லம்மா. காரைச் சரி பண்ணிக்குங்க. நீங்க போய் வேலையைப் பாருங்க" என்றார்.

அக்கா டிரைவரிடமிருந்து அட்டைகளை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். சும்மா நின்ற கூட்டத்துக்கு முட்டை வேகிற நேரம் ரொம்ப நீளமாக இருந்தது. பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். அக்காவே தோலுரித்து ஒவ்வொரு தட்டிலும் ஒன்று வைத்துக்கொண்டு போனார். யாரும் கை வைக்கவில்லை. பெரியவர்கள் சொல்லியாயிற்று, அதிகாரி சொல்லியாயிற்று. ஆனால் பிள்ளைகள் முட்டையையும் ஒருத்தர் முகத்தை ஒருத்தரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளையன் தன் மகளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவள் அசையவில்லை. அக்கா கடைசித் தட்டு வரைக்கும் போய், வெறும் பாத்திரத்தோடு திரும்பி நின்றார்.

வெள்ளையன் மகள் முட்டையை எடுத்தாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பாதியைக் கடித்தாள். மென்றாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தோம். முழுங்கிவிட்டு மீதிப் பாதியைத் தட்டில் வைத்தாள். 

"அக்கா," என்றாள் அந்தப் பெண், "மொளகு போடலீங்களா?"

"இருடா சாமி, இடிச்சு எடுத்தாரேன்" என்று சரோஜா அக்கா உள்ளே போனார். ஒரு கைப்பிடி மிளகு இடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? உரலில் இடிக்கிற சத்தம் நின்று வெகுநேரம் கழித்துத்தான் அவர் வெளியே வந்தார். அதற்குள் பிள்ளைகள் தட்டைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.